"சஹன": ஒரு பெயர்ப் பட்டியலின் வரலாறு



2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று போயா தினமும்கூட. பொழுது சாய முன்னரே எங்கள் பாடசாலை அகதி முகாமாகிவிட்டது. ஆசிரியர்களாகிய நாங்கள் ஒரு சீஆர் கொப்பியை எடுத்துப் பெயர் எழுதத் தொடங்கினோம். வந்தவர்கள், காணாமல் போனவர்கள், மௌத்தானவர்கள் என்று மூன்று பகுதி.

அடுத்த முகாமில் இன்னொரு கொப்பி. பள்ளிவாசலில் வேறொன்று. மகனைத் தேடி ஓர் உம்மா முகாம் முகாமாக நடந்தார். மகன் இரண்டு கட்டைக்கு அப்பால் உயிரோடுதான் இருந்தார். பெயர் வேறு கொப்பியில் கிடந்தது. பிரதான வீதியோர முகாம்களில் லொறிகள் வரிசையாக நின்றன. உள்ளே இருந்த முகாமுக்கு பால்மா வரவில்லை. சாமானுக்குக் குறைவில்லை. எங்கே என்ன தேவை என்பதுதான் ஒரே இடத்தில் இல்லை.

அதே நாட்களில் கொழும்பில் கணினித் துறைத் தொண்டர்கள் சிலர் இதே சிக்கலை வேறு விதமாகக் கையிலெடுத்தார்கள். இலங்கை மென்பொருள் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்களும் தனியார் கம்பனிகளில் வேலை பார்த்தவர்களும் சேர்ந்து, சில நாட்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதி, அரசின் தேசிய செயற்பாட்டு நிலையத்தின் பாவனைக்குக் கொடுத்தார்கள். பெயர் "சஹன". சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

அது செய்த வேலை எங்கள் கொப்பியின் வேலைதான். காணாமல் போனவர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்கள் எவை எங்கே நிற்கின்றன என்ற பதிவு, தேவைகளின் பதிவு. வித்தியாசம் ஒன்றே. பல இடங்களிலிருந்து எழுதினாலும் கொப்பி ஒன்றுதான்.

பிஎச்பி, மைஎஸ்கியூஎல் போன்ற இலவசத் திறந்த மூலக் கருவிகளால் அதைக் கட்டினார்கள். கட்டியதையும் திறந்தே வைத்தார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அனுமதிப்பத்திரக் காசு இல்லை. அதனால்தான் 2005 ஒக்டோபரில் காஷ்மீர் பூகம்பம் வந்தபோது பாகிஸ்தானால் அதை எடுத்துப் பாவிக்க முடிந்தது. 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பூகம்பத்துக்கும், 2010இல் ஹெய்ட்டிக்கும் போனது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கு வழங்கியது. இந்த விருது அதற்கு முந்திய ஆண்டில் கிடைத்தது விக்கிப்பீடியாவுக்கு.

இதில் பலர் கவனிக்காத ஒரு பக்கம் உண்டு. தொண்டர்களுக்கும் வேலை, குடும்பம் இருக்கிறது. முதல் அவசரம் தணிந்ததும் அவரவர் இடத்துக்குத் திரும்பத்தான் வேண்டும். அவசரத்தில் எழுதியதைச் சீராகத் திருப்பி எழுத, சுவீடன் அரசின் சீடா நிறுவனம் நிதி கொடுத்தது. 2009இல் சஹனவுக்கென்றே இலாப நோக்கற்ற ஓர் அறக்கட்டளை உருவானது. இலவசமாகக் கொடுக்கும் பொருளைப் பராமரிக்கவும் செலவு இருக்கிறது. கிணறு வெட்டி வக்ஃபு செய்பவர், கயிற்றுக்கும் வாளிக்கும் யார் பொறுப்பு என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

நாங்களோ அனர்த்தம் வந்தால் வாரி வழங்குகிறோம். அல்ஹம்துலில்லாஹ். சமையல் பாத்திரத்துக்கும் லொறி வாடகைக்கும் காசு சேரும். பட்டியலுக்கு என்று கேட்டால் யாரும் தருவதில்லை. இன்றும் எங்கள் மஹல்லாவில் தனியே வாழும் முதியவர்கள், படுக்கையில் இருக்கும் நோயாளிகள், கைக்குழந்தை உள்ள வீடுகள் எவை என்பது சிலரின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் மௌத்தானால் அதுவும் போய்விடும்.

இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. லிப்ரே ஒபிஸ் போன்ற இலவசச் செயலியில் ஒரு அட்டவணை போதும். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் ஒரு மாதத்தில் முடிப்பார்கள். மூன்று நிபந்தனைகள்: வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க ஒருவருக்குக் கூலி, இரண்டு இடங்களில் பிரதி, பொறுப்பானவர் தவிர வேறு யாரும் திறக்காதபடி பூட்டு. ஏழையின் பெயரும் நோயாளியின் விபரமும் அமானிதம். வட்ஸ்அப் குழுமத்தில் சுற்ற விடக்கூடாது.

அந்த சீஆர் கொப்பி இன்னும் எங்களிடம் இருக்கிறது. உப்புநீர் பட்ட பக்கங்களில் சில பெயர்களை இப்போது வாசிக்க முடியவில்லை.

அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்தினரோடு இதுபற்றிப் பேச இருக்கிறோம். வரக்கூடியவர்கள் வாருங்கள்.