பல்திரைக் கணினி அமைப்பு

ஒரே மேசைக் கணினியில் இரண்டோ அதற்கு மேலோ மானிட்டர்களைப் பொருத்தி, ஒவ்வொன்றும் வேறு வேறு காட்சியைக் காட்டும்படி வைப்பது பல்திரை அமைப்பு எனப்படும். ஒரே காட்சியை எல்லாத் திரையிலும் காட்டும் நகல் முறை இதில் சேராது. வேலை செய்யும் பரப்பைப் பெரிதாக்கும் வழி என்றே பெரும்பாலும் இதை விளக்குகிறார்கள். அந்த விளக்கம் குறைபட்டது. இது தோன்றிய விதத்தையும் மக்கள் இதைக் கையாளும் விதத்தையும் பார்த்தால், வேலையைப் பிரித்து வைப்பதற்கே இரண்டாம் திரை பயன்பட்டு வந்திருப்பது தெரியும். பரப்பு கூடுவது அதோடு சேர்ந்து வருவது.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசிக்கு இரண்டு வகைத் திரை அட்டைகள் விற்கப்பட்டன. எம்டிஏ என்ற ஒருநிற அட்டை 80 எழுத்து அகலத்தில் 25 வரிகளைக் காட்டும். படம் வரையத் தெரியாது, ஆனால் எழுத்து மிகத் தெளிவு. சிஜிஏ என்ற வண்ண அட்டை 320க்கு 200 புள்ளிகளில் நான்கு நிறப் படம் வரையும். அதில் எழுத்து கரகரப்பாகத்தான் தெரியும். முன்னதன் நினைவகம் 4 கிலோபைட், பின்னதன் நினைவகம் 16 கிலோபைட். இரண்டுக்கும் கணினியின் நினைவக வரைபடத்தில் தனித்தனி முகவரி ஒதுக்கப்பட்டிருந்ததால், ஒரே பெட்டியில் இரண்டையும் செருகி இரண்டு மானிட்டர்களை ஓட்ட முடிந்தது. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத் தாள் மென்பொருள் இந்த வசதியை நன்றாகப் பிடித்துக்கொண்டது: கணக்குத் தாள் ஒருநிறத் திரையில், அதன் வரைபடம் வண்ணத் திரையில். ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளைப் பயன்படுத்தியவர்களும் கட்டளை வரிகளை ஒன்றிலும் வரைபடத்தை மற்றதிலும் வைத்துக்கொண்டார்கள். இங்கே இரு திரைகளும் சேர்ந்து ஒரு பரப்பாகவே இல்லை. ஒன்றிலிருந்து மற்றதற்கு எதையும் நகர்த்த முடியாது. அப்படியிருந்தும் பயன் இருந்தது என்பதே இந்தக் கட்டுரையின் முதல் சான்று.

இரண்டாம் சான்று ஹெர்குலிஸ் அட்டை. தாய்லாந்து எழுத்துகளைக் கணினித் திரையில் காட்ட வேண்டிய தேவையால் வான் சுவன்னுகுல் 1982இல் உருவாக்கியது அது. ஒருநிறத் திரையிலேயே 720க்கு 348 புள்ளிகளில் படம் வரைந்தது. அதன் 64 கிலோபைட் நினைவகத்தில் இரண்டு பக்கங்கள் இருந்தன. இரண்டாம் பக்கம் சிஜிஏவின் முகவரியில் போய் விழும். எனவே வண்ண அட்டையும் கூடவே இருந்தால், பாதி நினைவகத்தை மட்டும் பயன்படுத்தும் நிலையில் ஹெர்குலிஸை வைக்க வேண்டும். இரண்டு திரை வேண்டும் என்பதற்காகப் பாதி நினைவகத்தை விட்டுக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் நிரலாளர்கள் முக்கியமானவர்கள். சோதிக்கப்படும் நிரல் வண்ணத் திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதன் பிழையைத் தேடும் டர்போ டீபக்கர், கோட்வியூ போன்றவை ஒருநிறத் திரையில் ஓடும். விஜிஏ என்ற பிந்தைய வண்ண அட்டை வந்த பிறகும் பழைய ஒருநிற அட்டையை இதற்காகவே பலர் கழற்றாமல் வைத்திருந்தார்கள். ஒரு வேலை மற்றதன் திரையைத் தொடக் கூடாது என்பதுதான் அங்கே முழுத் தேவையும்.

இதற்கு மறுப்பாக 1987இன் மேக்கின்டாஷ் II காட்டப்படுவதுண்டு. அதன் ஆறு நியூபஸ் செருகிடங்களில் ஆறு திரை அட்டைகள் வரை பொருத்தலாம். எல்லாத் திரைகளும் ஒரே தளமாக இணையும். ஒரு சாளரத்தை இரண்டு திரைகளுக்கு நடுவே பாதிப்பாதியாகக்கூட நிறுத்தலாம். இன்றைய பல்திரை அமைப்பின் உண்மையான தொடக்கம் இதுதான். விண்டோஸ் குடும்பத்தில் இந்த வசதி 1998இல், விண்டோஸ் 98 உடன் வந்தது. ஒன்பது திரை வரை அது ஏற்றது. முதன்மைத் திரையின் மேல் இடது மூலை பூஜ்யப் புள்ளி; அதற்கு இடப்பக்கம் வைத்த திரையின் புள்ளிகள் எதிர்ம எண்கள். எதிர்ம எண்ணை எதிர்பாராமல் எழுதிய பழைய நிரல்கள் அங்கே தடுமாறின. ஆக, தொழில்நுட்பம் ஒரே பரப்பைக் கொடுத்துவிட்டது. மக்கள் அதை ஒரே பரப்பாக நடத்தினார்களா? மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் ஜோனதன் கிரூடின் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பல திரை வைத்திருந்தவர்கள் ஒரு சாளரத்தை இரு திரைகளுக்கும் இழுத்து விரிப்பது அரிது. முதன்மை வேலை ஒன்றில், அஞ்சலும் உதவிக் குறிப்பும் மற்றதில் என்று பங்கு பிரித்தே வைத்தார்கள்.

அகலமான ஒற்றைத் திரை போதாதா என்பது அடுத்த மறுப்பு. 3440க்கு 1440 புள்ளி கொண்ட ஓர் அகலத் திரையில் ஏறத்தாழ 49.5 லட்சம் புள்ளிகள். 1920க்கு 1080 திரைகள் இரண்டைச் சேர்த்தாலும் 41.5 லட்சம்தான். பரப்புதான் நோக்கம் என்றால் அகலத் திரை வென்றுவிடுகிறது. ஆனால் முழுத்திரையில் ஓடும் காணொளியோ விளையாட்டோ அகலத் திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். இரண்டு திரை இருந்தால் அடுத்தது தப்பிக்கும். சாளரங்களை ஓரமாக ஒட்டவைக்கும் மென்பொருள் இந்தக் குறையை ஓரளவே தீர்க்கிறது. வேகம் பற்றிய வாதமும் உண்டு. யூட்டா பல்கலைக்கழகத்தின் 2003ஆம் ஆண்டு ஆய்வு பல திரைகளில் வேலை விரைவாக முடிகிறது என்றது. மானிட்டர் விற்கும் ஒரு நிறுவனமும் கிராபிக்ஸ் அட்டை விற்கும் ஒரு நிறுவனமும் அதற்குப் பணம் கொடுத்தன. அந்த முடிவை அதற்குரிய எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்வதே நேர்மை. வேலையைப் பிரித்து வைப்பதன் பயனை நிறுவ அந்த ஆய்வு தேவையும் இல்லை.

பிரித்து வைப்பதே நோக்கம் என்று கொண்டால், திரைகளை அமைக்கும் முறையும் அதிலிருந்தே கிடைக்கிறது. அதிக நேரம் பார்க்கும் திரை நேர் எதிரே, அதுவே முதன்மை. மற்றது பக்கத்தில், சற்றே உள்நோக்கித் திருப்பி. இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை, ஆனால் 27 அங்குல 4கே திரையின் அருகே 24 அங்குலச் சாதாரணத் திரையை வைத்தால் எழுத்தின் அளவு பொருந்தாது, ஒவ்வொன்றுக்கும் தனி அளவு விகிதம் கொடுக்க வேண்டும், விண்டோஸ் 8.1 முதல் அது முடியும். தனி கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினியில் எல்லாக் கேபிள்களையும் அந்த அட்டையிலேயே செருக வேண்டும். மதர்போர்டில் செருகினால் பல கணினிகளில் அந்தத் திரை எரியாது. தற்போது எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், யுஎஸ்பி-சி ஆகிய மூன்றும் புழங்குகின்றன. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 முதல், அதற்கேற்ற மானிட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து ஒரே போர்ட்டில் ஓட்டலாம். மேக் ஓஎஸ் இந்த முறையில் திரைகளைத் தனித்தனியாக விரிப்பதில்லை.