நல்லூருக்கு வந்த செல்வந்த வாத்து

திருப்பூரிலிருந்து காங்கயம் செல்லும் சாலையில், விசுவேசுவர சுவாமி கோயிலைத் தன் பழமைக்குச் சாட்சியாகக் கொண்டு நிற்கும் நல்லூர், இன்று மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கி, பனியன் கம்பெனிகளின் நடுவே ஒரு பகுதியாகிவிட்டது. கோயிலின் வரலாற்றையும் தொழிலின் வளர்ச்சியையும் எழுதுவோர் உண்டு. இவ்வட்டாரத்துப் பாலகர்கள் எதைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்பதும் சரித்திரமே என்று நான் திடமாக எண்ணுகிறேன். அச்சரித்திரத்தில் ஒரு வாத்துக்கு நிச்சயமாக இடமுண்டு.

1990களின் முற்பகுதியில், ஞாயிற்றுக்கிழமைகளில், தூர்தர்ஷன் 'டக் டேல்ஸ்' என்னும் டிஸ்னி சித்திரத் தொடரை ஒளிபரப்பியது. அமெரிக்காவில் 1987 செப்டம்பரில் தொடங்கி 100 அத்தியாயங்கள் வளர்ந்த அந்த ஹாஸ்யத் தொடர், நம்மிடம் வந்து சேர்ந்ததோ ஹிந்தி பாஷையில். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்து, பவர்டேபிள், ஓவர்லாக் என்னும் தையல் மெஷின்கள் ஓய்ந்திருக்கும் அந்த ஒரு நாளில், டிவி இருந்த வீட்டில் கூடிய பிள்ளைகள், ஒரு வாக்கியமும் விளங்காத நிலையிலும், வாத்துகளின் முகபாவத்தையும் ஓட்டத்தையும் கண்டே கதையைத் தாமாகத் தொடுத்துக்கொண்டார்கள்.

அக்கதையின் உறவுமுறை நம் ஜனங்களுக்கு அந்நியமானதன்று. டொனால்ட் வாத்தின் தாயோடு பிறந்தவர் பெருஞ்செல்வரான ஸ்க்ரூஜ். டொனால்டின் சகோதரி பெற்ற மக்கள் ஹூயி, டூயி, லூயி என்னும் மூவர். ஆங்கிலம் டொனால்ட், ஸ்க்ரூஜ் இருவரையும் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. நம் முறைப்படி டொனால்டோ, காதுகுத்துக்குச் சீர் சுமந்து வரவேண்டிய தாய்மாமன். அவன் கடற்படையில் சேர்ந்து போய்விட, பிள்ளைகளை ஏற்று வளர்க்கும் ஸ்க்ரூஜ், பாட்டியின் உடன்பிறந்தவராகையால், தாத்தா. கொங்கு நாட்டில் இவ்விரு ஸ்தானங்களையும் ஒன்றெனச் சொல்ல எந்தக் குழந்தையும் துணியாது.

கார்ல் பார்க்ஸ் என்ற சித்திரக்காரர் 1947-இல் படக்கதைக்காகப் படைத்த இந்த ஸ்க்ரூஜ், சிறுவனாக ஸ்காட்லாந்தில் பிறர் காலணியைத் துடைத்துச் சம்பாதித்த முதல் நாணயத்தை, மலைபோல் பொற்காசு குவிந்த பின்னும் கண்ணாடிக்குள் வைத்துப் பூஜிப்பவர். 1925-ஐ ஒட்டிப் பனியன் பின்னத் தொடங்கி, 1970களின் பிற்பகுதியில் கடல் கடந்து சரக்கனுப்பும் நிலையை அடைந்த திருப்பூரில், உழவை விட்டு வந்து, கூலிக்கு மெஷின் ஓட்டி, பின்பு தாமே முதலாளிகளானோர் பலர்; தம் முதல் சம்பாத்தியத்தைப் பற்றி அவர்கள் பேசும்போது குரலில் வரும் கனிவு, அந்த நாணயத்தின்மேல் வாத்து வைத்த கண்ணிலும் உண்டு. அவரை வெறும் கருமி என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை.

2004 டிசம்பரில் டிஸ்னியின் அலைவரிசைகள் இந்தியாவில் தொடங்கித் தமிழிலும் பேசலாயின. ஆனால், மௌனத்தில் கதை தொடுத்த அந்த முதல் பிள்ளைகள், அதற்குள் வளர்ந்து பனியன் கம்பெனிகளின் வாசலை அடைந்திருந்தார்கள்.