குலை நோய் வித்தின் படிவு

காற்றில் மிதந்து வரும் பூசண வித்து, சுழன்றோடும் அந்தக் காற்றிலிருந்து பிரிந்து நெல் இலையில் அமர்வதே வித்தின் படிவு எனப்படும். சாலைப் புழுதி, அடுப்புப் புகை, மகரந்தம், பூசண வித்து ஆகிய எல்லாத் துகள்களும் ஒரே இயற்பியல் விதிகளின்படிதான் படிகின்றன. காவிரிப் பாசனப் பகுதியில் அந்த விதிகளை ஒவ்வொரு சம்பாப் பருவத்திலும் உழவர்க்கு உணர்த்துவது பூசணத்தால் வரும் நெல்லின் குலை நோய்.

நோயும் நிலமும்

கல்லணையைத் தன்னுள் கொண்டது தஞ்சாவூர் மாவட்டத்தின் பூதலூர் வட்டம். காவிரி நீர் பல ஆறுகளாகப் பிரியும் இந்தத் தலைப்பகுதி முதல் கடலோரம் வரை சம்பாவும் தாளடியும் ஐப்பசி அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் வளர்கின்றன. குலை நோய்க்கு ஏற்ற பருவமும் அதுவே. முதலில் இலையில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். நடு சாம்பல் நிறமாகவும் ஓரம் பழுப்பாகவும் இருக்கும். கதிர் வந்தபின் அதன் கழுத்தைத் தாக்கினால் கழுத்துக் குலை நோய். பால் பிடிக்க வேண்டிய கதிர் வெளுத்துப் பதராகிவிடும்.

சீனத்திலும் சப்பானிலும் பல நூற்றாண்டுகளாக அறியப்பட்ட இந்நோய் இந்தியாவில் 1913இல் முதன்முதலாகப் பதிவாயிற்று. 1919இல் அது தஞ்சைப் பாசனப் பகுதியில் கொள்ளை நோயாகப் பரவி அரசின் கவனத்தை ஈர்த்தது. இந்திய நெல் நோயியலில் தஞ்சையின் பெயர் இடம்பெற்றது இந்தத் துயரத்தால்தான்.

படிவு பற்றிய அறிவின் வளர்ச்சி

அசையாத காற்றில் சிறு உருண்டை எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்று 1851இல் கணக்கிட்டுக் கூறியவர் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். அவர் விதிப்படி விட்டம் பாதியானால் இறங்கும் வேகம் நான்கில் ஒரு பங்காகும். குலை நோய் வித்து பேரிக்காய் வடிவில், மூன்று அறைகளுடன், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு நீளம் உள்ளது. இத்தகைய துகள் வினாடிக்கு ஏறத்தாழ அரை சென்டிமீட்டர்தான் இறங்கும். ஒரு மீட்டர் உயரம் இறங்க அதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வினாடிக்கு ஒரு மீட்டர் வீசும் இளங்காற்றே அதை இருநூறு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய்விடும். ஒரு வயலின் நோய் பக்கத்து வயலுக்கு வரப்பைத் தாண்டி வருவது இப்படித்தான்.

வயல்வெளிக் காற்று நேர்கோட்டில் ஓடுவதில்லை, சுழிகளாகப் புரள்கிறது. சுழி வித்தை மேலே தூக்கும், கீழே கொணரும், பக்கவாட்டில் சிதறடிக்கும். ஆனால் எந்தப் பரப்பையும் ஒட்டி மெல்லிய அமைதியான காற்றுப் படலம் ஒன்று உண்டு. 1904இல் ஜெர்மானியப் பொறியியலாளர் லுட்விக் பிராண்டில் இந்த எல்லைப் படலத்தை விளக்கினார். சுழி கொண்டுவந்த துகள் கடைசியாக இந்தப் படலத்தைக் கடந்தாக வேண்டும். மிக நுண்ணிய புகைத்துகள் காற்று மூலக்கூறுகளின் மோதலால் தள்ளாடிக் கடக்கிறது. பெரிய துகள் எடையால் இறங்குகிறது. வேகமாக வரும் நடுத்தரத் துகள், காற்று விலகி வளைந்தாலும் தான் வளைய முடியாமல் நேரே போய் மோதுகிறது. 1957இல் ஃப்ரீட்லாண்டர், ஜான்ஸ்டோன் என்னும் இருவரும் சுழல்காற்றோட்டத்தில் துகள் தன் உந்தத்தால் படலத்தைத் தாண்டுவதைக் கணக்கில் கொண்டுவந்தனர்.

துகள் நேரே மோதிப் படிவதற்கு வீட்டு மின்விசிறி கண்கூடான சான்று. இறக்கையின் வெளிமுனை வினாடிக்கு இருபது மீட்டர் அளவில் சுழலும்போது, காற்றைக் கிழிக்கும் முன்விளிம்பில்தான் தூசி தடித்துக் கிடக்கும்.

பூசண வித்துகளைக் காற்றோடு இணைத்துத் தனித் துறையாக்கியவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிலிப் கிரெகரி. 1945இல் அவர் வித்துப் பரவலைக் காற்றுச் சுழற்சியோடு சேர்த்து விளக்கினார். பின்னர் காற்றுச் சுரங்கத்தில் உருளைகள் மீது வித்துகளைத் தூவி அளந்தார். அதே நிலையத்தின் ஹர்ஸ்ட் 1952இல் காற்றை உறிஞ்சி மணிவாரியாக வித்தை எண்ண உதவும் பொறியை உருவாக்கினார். ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தின் சேம்பர்லின் 1953இல் படிவு வேகம் என்னும் அளவைத் தந்தார். பரப்பில் படியும் அளவைக் காற்றிலுள்ள செறிவால் வகுத்தால் கிடைப்பது அது.

இந்தியாவில் ஆக்ராவின் கே. சி. மேத்தா கோதுமைத் துரு நோயை ஆராய்ந்து, நீலகிரி, பழனி மலைகளிலிருந்து காற்று வித்துகளைச் சமவெளிக்குக் கொண்டுசெல்வதைச் சுட்டினார்.

இலையில் அமரும் இரவு

குலை நோய் வித்து பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் ஈரக்காற்றில் வெளிப்படுகிறது. அப்போது பயிருக்குள் காற்று மிக மெதுவாக நகரும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் வித்துகூட, காற்று நின்றுவிட்டால், அரை மில்லிமீட்டர்தான் முன்னே பாயும். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள இலையைச் சுற்றிக் காற்று வளையும்போது வித்தும் வளைந்து தப்பிவிடும். ஆகவே பயிருக்குள் மோதிப் படிவது குறைவு. எடையால் மெல்ல இறங்கிப் படிவதே மிகுதி. நிமிர்ந்த இலையில் குறைவாகவும் கிடையாகச் சாய்ந்த இலையில் கூடுதலாகவும் வித்து படியும். தழைச்சத்து மிகுந்து துவண்ட இலை, இறங்கும் வித்துக்கு விரித்த பாய்.

படிந்தபின் ஒட்ட வேண்டும். நெல் இலை நீர் ஒட்டாத மெழுகுப் பரப்பு. ஈரம் பட்டதும் வித்தின் நுனியிலிருந்து பசை வெளிவந்து அதை இலையோடு பிணைக்கிறது என்பது 1988இல் கண்டறியப்பட்டது. பின் அது முளைத்து, ஏறத்தாழ எண்பது வளிமண்டல அழுத்தத்தைத் தன்னுள் திரட்டி, இலைத்தோலைத் துளைக்கிறது. இதற்கு இலை பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். மார்கழிப் பனி அந்த ஈரத்தைத் தருகிறது. இரவின் குளிரும் தழைச்சத்தும் பயிரை நோய்க்கு இளகச் செய்வதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி. எஸ். சதாசிவனும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர்.

தடுப்பு

கோயம்புத்தூர் நெல் ஆய்வு நிலையம் 1912இலும் ஆடுதுறை நிலையம் 1922இலும் தொடங்கின. கோயம்புத்தூரில் ஆனைக்கொம்பன் என்னும் நெல்லிலிருந்து தேர்ந்த கோ 4 இரகம் குலை நோயைத் தாங்கியது. அதை ஆடுதுறை 10உடன் இனக்கலப்பு செய்து கோ 25 உருவாக்கப்பட்டது. பிற்காலத்தில் விரும்பிப் பயிரிடப்பட்ட ஐ.ஆர். 50, உழவர் ஆந்திரா பொன்னி என்றழைக்கும் பி.பி.டி. 5204 ஆகியவை இந்நோய்க்கு எளிதில் ஆட்படுபவை.

வித்து காற்றில் வருவதைத் தடுக்க எந்த உழவராலும் முடியாது. அது தங்குமிடத்தைக் குறைக்க முடியும். தழைச்சத்தைப் பிரித்து அளவோடு இடுவது, வரப்புப் புல்லை அகற்றுவது, நோயுற்ற வயலின் நெல்லை விதைக்கு எடுக்காதிருப்பது, தாங்கும் இரகத்தைத் தேர்வது ஆகியவை செலவு குறைந்த காப்புகள். பனி இறங்கும் நாள்களில் காலைதோறும் வயலில் இறங்கி இலையைப் பார்ப்பவரே முதல் கண் புள்ளியைக் காண்பார். கதிரைக் காக்க அவருக்கு இன்னும் காலம் இருக்கும்.