நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது?
நீதிபதி சர் அப்துர் ரஹீம் நினைவாக

சென்னை உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதன் கோபுரத்தில் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. அந்த விளக்கின் கீழ் 1908 முதல் 1920 வரை நீதி வழங்கிய ஒருவரை, கறுப்பு அங்கி அணிந்து அங்கே நாள்தோறும் சென்றுவருவோரிலும் பலர் இன்று அறியமாட்டார்கள். அந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயரைப் பளிங்குச் சிலை நினைவூட்டுகிறது. நீதிபதி அப்துர் ரஹீமின் பெயரோ பழைய தீர்ப்புத் தொகுதிகளுக்குள் அடங்கிப் போய்விட்டது. நீதித் துறைக்கு மட்டுமன்றி அரசுப் பணித் துறைக்கும் தொண்டு ஆற்றியவர் அவர். அவரை நினைவுகூர்வது நம் கடன்.

மேதினிப்பூரிலிருந்து சென்னைக்கு

வங்காளத்தின் மேதினிப்பூர் மாவட்டத்தில் 1867இல் பிறந்தவர் அப்துர் ரஹீம். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் படித்தார். லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, கல்கத்தாவில் தொழில் நடத்தினார். சில காலம் மாகாண மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளை ஆற்றும் பெருமை அவருக்குக் கிடைத்தது. இஸ்லாமியச் சட்டவியலின் அடிப்படைகளை நான்கு சுன்னி சட்டப் பள்ளிகளின் வழியே விளக்கிய அந்த உரைகள் 1911இல் நூலாயின. சட்டத்தின் விதிகளைத் தொகுப்பதோடு நின்றுவிடாமல், அந்த விதிகள் எந்த வேரிலிருந்து கிளைத்தன என்று தேடிச் சென்ற நூல் அது.

1908இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1916இலும் 1919இலும் தற்காலிகத் தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்றார். ‘நியூ இந்தியா’ இதழின் பிணைத்தொகை பறிமுதலை எதிர்த்து அன்னி பெசன்ட் அம்மையார் 1916இல் தொடுத்த புகழ்பெற்ற வழக்கை, அவர் தலைமையிலான மூவர் அமர்வே விசாரித்தது. அன்றைய பத்திரிகைச் சட்டத்தின் பிடி கடுமையானது. மனு தள்ளுபடியாயிற்று.

கடல் கடந்த தேர்வு

அந்நாளில் இந்தியக் குடிமைப் பணிக்கான ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டுமே நடந்தது. தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன் இருந்தால், அவன் கப்பலேறிப் போய், அயல்நாட்டில் தங்கிப் படித்து, ஆங்கிலேய இளைஞர்களோடு போட்டியிட வேண்டும். 1878 முதல் சில ஆண்டுகளுக்கு வயது வரம்பு 19 என்று வேறு குறுக்கிவைத்திருந்தார்கள். போட்டித் தேர்வு தொடங்கிய 1855ஆம் ஆண்டின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் மனம் வலிக்கும். கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375, அரபுக்கு 375. இந்தியாவை ஆளப் போகிறவனுக்கு நடந்த தேர்வில், இந்தியா போற்றிப் படித்த மொழிகளுக்குப் பாதி மதிப்புத்தான்!

இந்தியாவிலும் அதே வேளையில் தேர்வு நடத்த வேண்டும் என்று 1893இல் பிரிட்டிஷ் மக்களவை தீர்மானமே நிறைவேற்றியது. இந்திய அரசு மாகாண அரசுகளிடம் கருத்துக் கேட்டது. ஆதரவாக எழுதிய ஒரே மாகாண அரசு சென்னைதான். தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது. அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், ஐ.சி.எஸ்.ஸில் இந்தியர் சுமார் 5 விழுக்காடுதான்.

கேள்வியைத் திருப்பிக் கேட்டவர்

1912இல் இஸ்லிங்டன் பிரபு தலைமையில் அரசுப் பணிகளுக்கான ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான ராம்சே மெக்டொனால்டு அதில் உறுப்பினர். இந்தியர்களில் கோகலே, மகாதேவ் பாஸ்கர் சௌபல், அப்துர் ரஹீம் ஆகியோர் இருந்தனர். 1913 ஜனவரியில் கமிஷன் சென்னையில் அமர்ந்து சாட்சியங்களைக் கேட்டது. பணி முடியுமுன்பே, 1915 பிப்ரவரியில் கோகலே காலமானார். அந்த ஆண்டே அறிக்கை எழுதி முடிக்கப்பட்டாலும், முதல் உலகப் போர் காரணமாக 1917 ஜனவரியில்தான் வெளிவந்தது.

பெரும்பான்மையோர் இரு நாடுகளிலும் ஒரே வேளையில் தேர்வு என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. ஐ.சி.எஸ். உயர் பதவிகளில் கால் பங்கை இந்தியாவில் தேர்ந்தெடுத்து நிரப்பலாம் என்றனர். சௌபலும் தம் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். அப்துர் ரஹீம் நீண்டதொரு மறுப்புக் குறிப்பே எழுதினார்.

அந்தக் குறிப்பின் உயிர்நாடி ஒரே ஒரு கேள்வி. இந்தியர்களை இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்க என்ன வழி என்று மற்றவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தொடங்கிய இடமே தவறு என்றார் ரஹீம். இந்த நாட்டின் பணிகளில் இந்நாட்டவர் இருப்பதுதான் இயல்பு. வெளிநாட்டிலிருந்து அதிகாரிகளை வரவழைப்பது, தெளிவான தேவை உள்ள இடத்துக்கு மட்டுமே உரிய விதிவிலக்கு. ஆகவே, எந்தத் துறைக்கு, எந்த அளவுக்கு இங்கிலாந்திலிருந்து ஆள் வேண்டும் என்றுதான் கேட்க வேண்டும் என்பது அவர் வாதம்.

நீதிமன்றத்தில் பழகியவர்களுக்கு இதன் நுட்பம் உடனே புரியும். ஒன்றை வலியுறுத்துகிறவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் அரிச்சுவடி. அதுவரை இந்தியன்தான் கூண்டில் நின்று தன் தகுதியை நிரூபித்துக்கொண்டிருந்தான். நிரூபிக்கும் பொறுப்பை ஆட்சியாளரின் தோளுக்கு மாற்றி வைத்தார் ரஹீம். மேடையில் முழக்கமிட்டுச் சொன்னதன்று இது. பதவியில் இருந்த ஒரு நீதிபதி, அரசின் அறிக்கையிலேயே எழுதிச் சேர்த்தது. அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய தீர்ப்பு என்று நான் கருதுவது இதைத்தான்.

பின் வந்தவை

காலம் அவர் காட்டிய திசையிலேயே நகர்ந்தது. 1918இல் மாண்டேகு-செம்ஸ்போர்டு அறிக்கை, இந்தியாவில் தேர்ந்தெடுக்கும் பங்கை 33 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுதோறும் ஒன்றரை விழுக்காடு உயர்த்தலாம் என்றது. 1922 பிப்ரவரியில் அலகாபாத்தில் முதன்முறையாக ஐ.சி.எஸ். தேர்வு நடந்தது. அரசுப் பணிகளை ஆராய்ந்த லீ கமிஷனின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1926 அக்டோபர் 1ஆம் நாள் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் பிறந்தது. சென்னை சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1929இல் சென்னைப் பணியாளர் ஆணையம் அமைந்தது. மாகாணங்களில் அதுவே முதலாவது. இன்றைய டி.என்.பி.எஸ்.சி. அதன் வழிவந்ததே.

அப்துர் ரஹீம் 1921 முதல் 1925 வரை வங்காள ஆளுநரின் நிர்வாகக் குழுவில் பணியாற்றினார். 1935இல் போட்டி வேட்பாளர் ஷெர்வானியை 70க்கு 62 என்ற வாக்குகளில் வென்று மத்திய சட்டமன்றத் தலைவரானார். பத்தாண்டுகள் அந்த இருக்கையில் இருந்தார். 1925இல் அலிகாரில் முஸ்லிம் லீக் தலைவராக அவர் ஆற்றிய உரை கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அவரது அரசியல் எல்லார்க்கும் உவப்பானதன்று. பிரிவினைக்குப் பின் 1952இல் கராச்சியில் மறைந்தார். ஆயினும் பிற்கால அரசியலை வைத்து அவருடைய சென்னைக் காலப் பணியை மறைப்பது நியாயமாகாது.

இன்று நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கையில் ஹால் டிக்கெட்டோடு வரிசையில் நிற்கிறார்கள் நம் பிள்ளைகள். கப்பலேற வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். அந்த உரிமைக்காக வாதாடியவர்களின் வரிசையில் நம் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரும் இருந்தார் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா? அவரது மறுப்புக் குறிப்பைத் தமிழாக்கி, சட்டக் கல்லூரி நூலகங்களிலும் தேர்வுப் பயிற்சி மையங்களிலும் கிடைக்கச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் பெருமக்களும் அரசுப் பணியாளர்களும் இதை விரைவில் தொடங்குமாறு பணிவோடு வேண்டுகிறேன்.