தோட்டா மறுநிரப்பு

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் செப்பனிட்டு, புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைச் சேர்த்து மீண்டும் சுடத்தக்கதாக ஆக்கும் கைத்தொழில் தோட்டா மறுநிரப்பு எனப்படும். அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடும் போட்டியாளர்களும் இதை வீட்டுப் பட்டறையிலேயே செய்துவருகிறார்கள். செலவைக் குறைக்கவே பலர் இதில் இறங்குகிறார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் இதில் நிலைத்திருப்பவர்கள், தங்கள் துப்பாக்கிக்கு மிகவும் பொருந்தும் தோட்டாவைத் தாங்களே அமைத்துக்கொள்ளும் வாய்ப்புக்காகவே நிலைத்திருக்கிறார்கள்.

தோட்டாவின் நான்கு உறுப்புகளில் குண்டு பறந்துபோகிறது. மருந்தும் பிரைமரும் எரிந்து தீர்கின்றன. எஞ்சும் கூடுதான் பெரும்பாலும் விலை மிகுந்த உறுப்பு. அது 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளை. மருந்து எரிந்து அழுத்தம் எழும்போது கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி, எளிதாக வெளியே வருகிறது. இந்த நெகிழ்ச்சி இருப்பதால்தான் மறுநிரப்பு என்ற தொழிலே இருக்கிறது. ஆனால் விரிந்து சுருங்கும் ஒவ்வொரு முறையும் பித்தளை இறுகுகிறது. கழுத்துப் பகுதி விரிசல்விடத் தொடங்கும். அதைத் தள்ளிப்போட, கழுத்தை மட்டும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், உட்சுவர் மெலிந்து கூடு இரண்டாகப் பிரியப்போகிறது என்று பொருள். அப்படிப்பட்ட கூட்டைத் தயங்காமல் கழித்துவிட வேண்டும்.

கூட்டின் அடியில் உட்கார்ந்து, அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் இருவகை உண்டு. இரண்டுக்கும் காப்புரிமை 1866இல் பெறப்பட்டது. பிரிட்டிஷ் படையதிகாரி எட்வர்ட் பாக்ஸர் அமைத்த வகையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே ஒரு தீத்துளை இருக்கும். அமெரிக்கரான ஹைரம் பெர்டான் அமைத்த வகையில் நடுவை விட்டு விலகிப் பெரும்பாலும் இரண்டு துளைகள் இருக்கும். பிரிட்டிஷ்காரரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவின் பல நாடுகளிலும் வேரூன்றின. ஒற்றைத் துளை வழியே மெல்லிய ஊசியை இறக்கிப் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம் என்பதால், மறுநிரப்பு அமெரிக்காவில் செழித்ததற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் எருமை வேட்டையாடியவர்கள், கடைகள் எட்டாத தொலைவில், முகாமிலேயே ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து, அக்கால வெடிமருந்தான கரும்பொடியை நிரப்பிக்கொண்டார்கள். 1884இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் குறடு வடிவக் கைக்கருவிகளைப் பரவலாக்கியது. 1925இல் அது லைமன் நிறுவனத்திடம் சேர்ந்தது. இதற்கிடையே, 1884இல் பிரான்சில் பால் வியே உருவாக்கிய புகையில்லா வெடிமருந்து கரும்பொடியின் இடத்தைப் பிடித்தது. கரும்பொடிக் காலத்தில் அளவு சற்றே கூடினாலும் பெரிதாக ஆபத்தில்லை. புதிய மருந்து அந்தத் தாராளத்தைத் தரவில்லை, எடைத்தட்டு இன்றியமையாததாயிற்று.

இன்றைய வடிவத்தில் இந்தத் தொழில் இரண்டாம் உலகப் போரையொட்டி எழுந்தது. போர்க்காலத்தில் வேட்டைக் குண்டுகள் கிடைக்காமல் போகவே, கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹன்டிங்டன், தம் தந்தையின் சலவைக் கடையின் பின்னறையில் குண்டு செய்யும் டைகளை, அதாவது உலோகத்தை அழுத்தி வடிவமைக்கும் அச்சுகளை, உருவாக்கினார். 1943இல் தொடங்கிய அந்த முயற்சியே மறுநிரப்புக் கருவிகள் செய்யும் ஆர்சிபிஎஸ் நிறுவனமாயிற்று. போர் முடிந்ததும் கன்சாஸ் மாநிலத்தின் புரூஸ் ஹாட்ஜன், ராணுவம் கழித்த உபரி வெடிமருந்தை வாங்கி, மேய்ச்சல் நிலத்தில் நிறுத்திய பழைய ரயில் பெட்டியில் வைத்து அஞ்சல்வழி விற்றார். 1949இல் நெப்ராஸ்காவில் ஜாய்ஸ் ஹார்னடி குண்டுத் தொழிலில் இறங்கினார். வீட்டுப் பட்டறைச் சோதனைகள் தொழிற்சாலைகளையும் வழிநடத்தின. ஐடஹோ பண்ணையாளரும் எழுத்தாளருமான எல்மர் கீத் பல ஆண்டுகள் செய்த சோதனைகளின் விளைவே 1955இல் வந்த .44 மேக்னம் தோட்டா. தனியார் பட்டறைகளில் பிறந்த .22-250 தோட்டாவை 1965இல் ரெமிங்டன் தன் தயாரிப்பாக ஏற்றது.

வேலையின் ஒழுங்கு எளிதாகவே தோன்றும். கூட்டைத் துலக்கி, ஒவ்வொன்றாகப் பார்வையிட்டு, பிரஸ் என்னும் நெம்புகோல் அழுத்தியில் பொருத்திய டைக்குள் செலுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அதே இழுப்பில் பழைய பிரைமர் வெளியேறும். நீண்டுபோன கழுத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து வெட்டி, புதிய பிரைமரை அழுத்தி, மருந்தை எடைபோட்டு ஊற்றி, குண்டைக் குறித்த ஆழத்தில் உட்காரவைக்கிறார்கள். எடைக்கு அலகு கிரெய்ன். ஒரு பவுண்டில் 7000 கிரெய்ன், அதாவது ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். தொடங்குபவருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் பிரஸ்ஸே ஏற்றது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டாவை முடித்துத் தரும் பிரஸ்கள் விரைவானவைதான். ஆனால் பல செயல்கள் ஒரே நேரத்தில் நடப்பதால், பழகாத கண்ணுக்குப் பிழை தப்பிவிடும். கருவி வாங்குமுன் கையேடு வாங்குவது நல்லது. மருந்துத் தயாரிப்பாளர்களும் குண்டுத் தயாரிப்பாளர்களும் சோதனைக்கூடத்தில் அழுத்தம் அளந்து வெளியிடும் அட்டவணைகளே இத்தொழிலின் சட்டம். உச்ச அளவிலிருந்து ஒருபோதும் தொடங்கக் கூடாது. தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாகவே ஏற வேண்டும்.

விபத்துகள் பெரும்பாலும் கவனச் சிதறலால் நேர்கின்றன. கைத்துப்பாக்கி மருந்துகள் பல, கூட்டில் பாதிகூட நிறைவதில்லை. அதனால் இருமுறை ஊற்றிவிட்டாலும் வழியாது. அப்படிப்பட்ட தோட்டா துப்பாக்கியையே சிதறடிக்கும். மருந்தே இல்லாத தோட்டாவும் கொடியதுதான். பிரைமரின் விசை மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவே சிக்கவைக்கும்; அடுத்து சுட்டால் குழல் வெடிக்கும். இதனால்தான் குண்டு வைக்குமுன் எல்லாக் கூடுகளையும் வரிசையாக நிறுத்தி விளக்கொளியில் உள்ளே பார்க்கும் வழக்கம் வந்தது. மருந்து மாறிவிடாதிருக்க, மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்துப் புட்டியைத்தான் வைப்பார்கள். பிரைமர் எச்சத்தில் ஈயம் இருப்பதால், கூடு துலக்கும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. வேலை செய்யும் இடத்தில் உண்ணக் கூடாது. முடித்ததும் கைகழுவ வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இவற்றையெல்லாம் பூட்டிவைப்பது கட்டாயம்.

அமெரிக்கத் தீத்தடுப்பு நெறியான என்எஃப்பிஏ 495, வீட்டில் 20 பவுண்டு வரையிலான புகையில்லா வெடிமருந்தை அதன் மூலக் கொள்கலத்திலேயே வைக்கலாம் என்கிறது. பிரைமர்களுக்கு வரம்பு 10,000. சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்ப அந்நாட்டின் கூட்டரசுச் சட்டப்படி உரிமம் தேவையில்லை; விற்பனைத் தொழிலாகச் செய்தால் தேவை. இந்தியாவில் நிலை வேறு. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடைசெய்கிறது.