தண்டனையாகப் புத்தகம் கேட்ட ராணி

எங்கோ ஓர் ஊரில் ஒரு நல்ல புத்தகம் வெளியாகிறது. வேற்று நாட்டில், வேற்று மதத்தில் இருக்கும் ஒருவருக்கு அது எப்படித் தெரியவரும்? யாராவது சொல்லவேண்டும். அப்படிச் சொன்னவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இடம் ஐரோப்பா, காலம் 17ஆம் நூற்றாண்டு.

பிராங்பர்ட் சந்தைக்கு வரும் நூல்களின் பட்டியலை 1564லேயே அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் என்ன புத்தகம் வந்திருக்கிறது என்றுதான் பட்டியல் சொல்லும். படிக்கலாமா வேண்டாமா என்று சொல்லாது. அதற்குக் கடிதம்தான் வழி. லண்டன், பாரிஸ், ரோம், ஆம்ஸ்டர்டாம் என்று சிதறிக் கிடந்த படிப்பாளிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். தங்கள் கூட்டத்துக்கு 'எழுத்துக் குடியரசு' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். ராஜா இல்லை, எல்லைக்கோடு இல்லை. (பெண்களும் ஏழைகளும் அதிகம் இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.)

காமர்ஸ் படிக்கிற எனக்கு இதில் முதலில் கண்ணில் பட்டது தபால் செலவு. அந்தக் காலத்தில் பெரும்பாலும் கடிதம் பெறுபவர்தான் கட்டணம் கட்டவேண்டும். வெட்டிக் கடிதம் எழுதினால் நண்பருக்கு நஷ்டம்! அதனால் பயணம் போகிற வியாபாரி, தூதர் என்று கிடைத்தவர்கள் கையில் கொடுத்தனுப்புவார்கள்.

இந்தக் குடியரசில் எனக்குப் பிடித்த ஒருவர் புளோரன்ஸ் நகரத்து அந்தோனியோ மல்யாபெக்கி. பொற்கொல்லராக இருந்தவர். 1673இல் அந்நாட்டு மன்னரின் நூலகர் ஆனார். ஊரை விட்டு அதிகம் நகராத மனிதர், ஆனால் எந்த விஷயத்துக்கு எந்தப் புத்தகத்தைப் பார்க்கலாம் என்று ஐரோப்பா முழுவதிலிருந்தும் அவரைத்தான் கேட்டார்கள். லைப்னிட்ஸ் 1689இல் நேரிலேயே போய்ப் பார்த்தார். 1714இல் இறந்தபோது சுமார் 30,000 புத்தகங்களை ஊருக்கே எழுதிவைத்துவிட்டார்.

ஆனால் கடிதம் ஒருவருக்குத்தானே போய்ச் சேரும்? அதையே அச்சடித்தால் என்ன என்று தோன்றியதில் பிறந்தவைதான் நூல் மதிப்புரை இதழ்கள். 1665இல் பாரிஸில் ஒன்று தொடங்கியது. 1684இல் ராட்டர்டாமில் பியர் பெய்ல் என்பவர் 'எழுத்துக் குடியரசின் செய்திகள்' என்ற மாத இதழைத் தொடங்கினார். லத்தீனில் இல்லாமல் பிரெஞ்சில் எழுதினார், பண்டிதர் அல்லாதவர்களுக்கும் புரியட்டும் என்று.

பெய்ல் பிரான்ஸில் பிறந்த புராட்டஸ்டண்ட். அங்கே தன் மதத்தவருக்கு வாழ வழியில்லாமல் போனபோது ஹாலந்துக்கு வந்தவர். 1682இல் பெயர் போடாமல் அவர் எழுதிய ஒரு நூலை அடுத்த வருடமே பாரிஸில் பகிரங்கமாக எரித்தார்கள். எழுதியவர் யார் என்று தெரியவந்தபோது அவர் கைக்கு எட்டவில்லை. ஊரில் பாதிரியாராக இருந்த அண்ணன் ஜாக்கோப் எட்டினார். 1685 ஜூனில் அவரைப் பிடித்தார்கள். மதம் மாறினால் விடுதலை என்றார்கள். அவர் மாறவில்லை. நவம்பரில் போர்தோ சிறையில் இறந்துபோனார்.

அதற்குப் பிறகும் பெய்ல் இதழை நிறுத்தவில்லை. கத்தோலிக்கர் எழுதிய நல்ல புத்தகங்களையும் நல்ல புத்தகம் என்றே எழுதிக்கொண்டிருந்தார். அண்ணனைக் கொன்றவர்களின் மதம் அல்லவா அது? நான் அடிக்கடி யோசித்துப் பார்க்கும் இடம் இதுதான்.

1686இல் ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்வீடனின் முன்னாள் ராணி கிறிஸ்டினா கத்தோலிக்கராக மாறி ரோமில் இருந்தார். பிரான்ஸில் நடக்கும் கொடுமையைக் கண்டித்து அவர் எழுதிய கடிதத்தை பெய்ல் வெளியிட்டு, இது அவரிடம் மிச்சமிருக்கும் புராட்டஸ்டண்ட் குணம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். ராணிக்குக் கடும் கோபம். பெய்ல் மன்னிப்புக் கேட்டு எழுதினார். ராணி மன்னித்தார், ஆனால் ஒரு தண்டனையோடு: லத்தீன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலிய மொழிகளில் வரும் சுவாரசியமான புதுப் புத்தகங்களை எல்லாம் தனக்கு அனுப்பிவைக்கவேண்டும்!

உடல்நிலை கெட்டு 1687இல் பெய்ல் இதழை விட்டார். அப்புறம் 1697இல் ஒரு பெரிய அகராதி எழுதினார். அது தனிக் கதை, இன்னொரு நாள் சொல்கிறேன்.

"இதைப் படிச்சுப் பாரேன்" என்று ஒரு நண்பன் சொல்லும்போது நாம் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அந்த ஒரு வரியை எல்லை தாண்டிச் சொல்ல ஒரு குடும்பம் கொடுத்த விலை மேலே இருக்கிறது. உங்களுக்குக் கடைசியாக ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்தது யார்? படித்தீர்களா?