மிதிவண்டிக்குள் மின்சாரம்

சிவசமுத்திரத்தில் காவிரி ஈன்ற மின்சாரம் 1902-இல், தமிழர் பலர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தைச் சென்றடைந்தது. பெங்களூர்த் தெருவில் அது விளக்காக எரிந்தது 1905-இல். அதற்கும் முன்பே, 1895 டிசம்பர் 31-ஆம் நாள், அமெரிக்கரான ஆக்டன் போல்டன் மின்சார மிதிவண்டிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். சைக்கிள் கடையில் ஹப் என்பார்களே, அந்தப் பின்சக்கரக் குடத்தினுள் மோட்டார். மேற்குழாயின் கீழே பாட்டரி. இன்று இந்நகரில் பழைய மிதிவண்டியைத் தம் கையாலேயே மின்வண்டியாக்குவோர் பலர் பின்பற்றுவதும் ஏறக்குறைய இவ்வமைப்பையே.

ஆயின் இடையில் நூறாண்டு கழிந்தது ஏன்? தடையாக நின்றது பெரும்பாலும் பாட்டரியே என்று நாம் கருதுகிறோம். பெங்களூரோ மேடும் பள்ளமுமான ஊர். ஈயப் பாட்டரியின் பாரத்தோடு மேடேறுவது எளிதன்று. பாட்டரி ஓய்ந்துவிட்டால், அந்தப் பாரத்தையும் சேர்த்துக் காலே மிதிக்க வேண்டும். 1991-இல் லித்தியம் அயனிப் பாட்டரி விற்பனைக்கு வந்து, பின்னர் விலையும் இறங்கவே வழி பிறந்தது.

மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்திருந்தால், உரிய சோதனைக்கு உட்பட்டு, அவ்வண்டிக்குப் பதிவு வேண்டா என்பது நம் நாட்டு விதி. போல்டன் கணக்கிட்டதோ 10 வோல்ட்டில் 100 ஆம்பியர் வரை, அதாவது 1,000 வாட்! அவ்வண்டி இன்று பெங்களூரில் ஓடுமாயின், எண் பலகை தாங்கியே ஓட வேண்டும்.